காருக்குள் சுருட்டு நாற்றம்: பிடித்தவர் யார், சுமப்பவர் யார்?

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். சுருட்டோடு சேர்ந்த கார் என்ன ஆகும் என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை. ஆனால் வாடகைக் காரில் போய் வருகிறவர்களுக்கு அது தெரியும். கதவைத் திறந்ததும் முதலில் மல்லிகை வாசனை வரும். அது டாஷ்போர்டில் வைத்திருக்கும் கார் பெர்ஃப்யூம். கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டு ஐந்து நிமிடம் ஆனதும், மல்லிகைக்குப் பின்னாலிருந்து இன்னொன்று மெல்ல எட்டிப் பார்க்கும். போன வாரமோ போன மாதமோ யாரோ பிடித்த சுருட்டு அது. பிடித்தவர் எப்போதோ இறங்கிப் போய்விட்டார். சுருட்டு மட்டும் இன்னும் இறங்கவில்லை.

உலகத்தில் எத்தனையோ பிரச்சினை இருக்க, கார் நாற்றத்துக்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். ஆனால் இந்தச் சின்ன விஷயத்துக்குள் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. சுருட்டின் சுகம் ஒருவருக்கு, அதுவும் ஒரு மணி நேரம்தான். அதன் நாற்றமோ வேறு பலருக்கு, பல மாதங்களுக்கு. நாள் முழுக்க அந்த வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும் டிரைவர், அடுத்து ஏறும் குடும்பம், நாளைக்கு அந்தக் காரை செகண்ட் ஹாண்டில் வாங்கப் போகிறவர் என்று எல்லாரும் சுமக்கிறார்கள். ஆகவே நாற்றத்தை எப்படிப் போக்குவது என்பது ஒரு கேள்வி. யார் போக்க வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு ஊரெல்லாம் வைத்தியம் சொல்லும். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதே இல்லை.

திண்ணையில் இருந்த சுருட்டு

சுருட்டு தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று ஒரு சொல் உண்டு. அது தமிழின் 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனதுதான். திருச்சி உறையூர்ச் சுருட்டுக்கு ஒரு காலத்தில் உலகப் பெயர். 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுகிறார். திண்டுக்கல் சுருட்டும் அதற்குச் சளைத்ததில்லை. இன்றைக்கும் கிராமங்களில் கருப்பசாமிக்கும் முனீஸ்வரனுக்கும் படையலில் சுருட்டு வைக்கிறார்கள்.

அப்போதெல்லாம் இந்த நாற்றப் பிரச்சினை ஏன் இவ்வளவு பெரிதாக இல்லை? காரணம் எளிது. தாத்தாக்கள் சுருட்டுப் பிடித்தது திண்ணையில். முனீஸ்வரன் இருப்பது ஏரிக்கரையில். புகை கிளம்பினால் காற்றோடு போய்விடும். காரோ நான்கு பக்கமும் மூடிய பெட்டி. உள்ளே இருப்பது ஏறக்குறைய மூன்று கன மீட்டர் காற்று. அதைச் சுற்றிலும் துணி, பஞ்சு, பிளாஸ்டிக், கார்ப்பெட். போதாக்குறைக்கு, உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும் ஏசி.

சிகரெட்டைவிடச் சுருட்டு இதில் இன்னும் மோசம். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கும் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். அது எரியும் நேரமும் அதிகம். சுருட்டுப் புகையிலையைக் குவித்து வைத்துப் புளிக்க வைத்துத்தான் பதப்படுத்துகிறார்கள். அந்தப் புகையில் அம்மோனியா போன்ற காரப் பொருட்கள் கூடுதல். மூக்கில் சுருக்கென்று ஏறும் நெடி அதனால்தான்.

பீங்கான் ஊர் சொல்லித்தரும் பாடம்

நாற்றம் ஏன் போக மறுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள விருத்தாசலத்துக்குப் போனால் போதும். பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர். பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு களிமண்ணும் கிடைக்கிறது. அதை நம்பி வளர்ந்ததுதான் விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்பேட்டை. அந்தத் தொழிலைக் கற்றுத்தர அரசு நிறுவனமும் அங்கேயே உண்டு.

பீங்கான் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தண்ணீர் பட்ட பாடு. சுட்ட மண்ணுக்கும், மேலே கிளேஸ் போட்டுச் சுட்ட பீங்கானுக்கும் என்ன வித்தியாசம்? சுட்ட மண் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். எது பட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். கிளேஸ் என்பது கண்ணாடி போன்ற பூச்சு. அதற்குள் எதுவும் இறங்காது.

சமையலறையிலும் இதே கதைதான். மீன் குழம்பு வைக்கும் மண்சட்டியில் யாராவது பால் காய்ச்சுவார்களா? எத்தனை முறை கழுவினாலும் சட்டி மீனை மறக்காது. ஆனால் ஒரு வருடம் ஊறுகாய் போட்டு வைத்த பீங்கான் ஜாடியைக் கழுவிக் காயவைத்தால் அடுத்த வருடம் வேறு ஊறுகாய் போடலாம்.

காருக்குள் இரண்டும் இருக்கிறது. கண்ணாடி, ஸ்டீயரிங், டாஷ்போர்டு இவை ஜாடி மாதிரி. மேலே படிந்ததைத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். சீட்டுத் துணி, அதற்குள் இருக்கும் பஞ்சு, கார்ப்பெட், கூரைத் துணி இவை மண்சட்டி மாதிரி. உள்ளே இறங்கிவிட்டதைத் துடைத்து எடுக்க முடியாது. அதிலும் கூரைத் துணிதான் அதிகம் வாங்கிக்கொள்கிறது. சூடான புகை மேலேதானே போகும்! அண்ணாந்து பார்த்துக் கூரையைச் சுத்தம் செய்கிறவர்கள் எத்தனை பேர்?

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாற்றம் என்பது காற்றில் மிதக்கும் ஏதோ ஒன்று இல்லை. பிசுபிசுப்பான ஒரு படலம். தாரும் நிகோட்டினும் சேர்ந்து எல்லா இடத்திலும் படிந்திருக்கிறது. சூடு ஏறும்போது அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவி கிளம்புகிறது. மூக்குக்கு வருவது அந்த ஆவி. சித்திரை வைகாசி வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். மார்கழியில் போய்விட்டது என்று நினைத்த நாற்றம் சித்திரையில் திரும்பி வருவது இதனால்தான்.

பூசி மறைத்தால் போகுமா?

இந்த நாற்றத்துக்குச் சொல்லப்படும் வைத்தியங்கள் கொஞ்சநஞ்சமல்ல. மல்லிகைச் சரம், ஜவ்வாது, எலுமிச்சம்பழம், காப்பித்தூள், ஊதுபத்தி, சாம்பிராணி. புகை நாற்றத்தைப் போக்க இன்னொரு புகையா என்று யாரும் யோசிப்பதில்லை! இவை எல்லாமே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. படலம் அங்கேயே இருக்கும். அதன் மேல் இன்னொரு வாசனை உட்காரும். இரண்டும் கலந்து வரும் மூன்றாவது வாடை இரண்டையும்விடக் கொடுமை.

இந்தப் பூச்சு வேலையில் ஏமாற்றும் கலந்திருக்கிறது. மூக்கு பழகிவிடும் உறுப்பு. தினமும் சுருட்டுப் பிடிப்பவருக்குத் தன் காரின் நாற்றம் தெரியவே தெரியாது. பெர்ஃப்யூம் வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் மனதார நம்புகிறார். அவரை நம்பி ஏறுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

நாற்றம் மட்டும்தானே, மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்றால் அதுவும் இல்லை. புகை அடங்கிய பிறகு பொருட்களில் தங்கும் மிச்சத்துக்கு 'மூன்றாம் கைப் புகை' என்று பெயர். அமெரிக்காவின் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விற்பனைக்கு வந்த பழைய கார்களைச் சோதித்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புகைப்பவர்கள் விற்ற கார்களின் தூசியிலும் டாஷ்போர்டிலும் நிகோட்டின் இருந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. படிந்த நிகோட்டின் காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்களாக மாறுகிறது என்று அது காட்டியது. அதிகம் புகைக்கும் ஒருவருடைய டிரக்கின் உள்பரப்பிலேயே அவற்றைக் கண்டுபிடித்தார்கள். சீட்டைத் தடவிய கையை வாயில் வைக்கும் கைக்குழந்தையை நினைத்துப் பார்த்தால், இது மூக்கோடு முடிகிற விஷயம் இல்லை என்பது புரியும்.

அப்படியானால் போக்குவது எப்படி?

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்ட வேண்டிய அளவுக்குப் பெரிய காரியம் இல்லை. வீட்டில் இருக்கும் பொருட்களே பெரும்பாலும் போதும். வரிசை மாறக்கூடாது என்பதுதான் முக்கியம்.

முதலில் மூலத்தை அகற்ற வேண்டும். ஆஷ்ட்ரே, மேட், சீட்டுக்கு அடியில் கிடக்கும் சாம்பல், டிக்கிக்குள் இருக்கும் பழைய துணி எல்லாம் வெளியே வர வேண்டும். சீட்டின் இடுக்குகளில் வாக்குவம் போட வேண்டும். சாம்பல் துணுக்கு ஒன்று மீந்தாலும் நாற்றம் மீளும்.

இரண்டாவது, ஜாடி மாதிரியான பகுதிகள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்து துடைக்கலாம். அதன் பிறகு வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து இன்னொரு முறை. வினிகர் எதற்கு? மீன் கழுவும்போது புளியோ எலுமிச்சையோ ஏன் சேர்க்கிறார்கள்? மீனின் கவுச்சிக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உள்ளவை. புளிப்பு பட்டால் அவை உப்பாக மாறி ஆவியாகாமல் தண்ணீரோடு போய்விடும். நிகோட்டினும் அம்மோனியாவும் அதே ஜாதிதான். கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்த வெள்ளைத் துணி பழுப்பாக மாறுவதைப் பார்த்தால், இதுவரை எதைச் சுவாசித்தோம் என்பது தெரிந்துவிடும். வினிகரை முதலில் மறைவான ஓர் இடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு, சாயம் போகவில்லை என்றால் மட்டும் மற்ற இடத்துக்குப் போக வேண்டும். வினிகர் வாடை காற்றோட்டத்தில் ஓரிரு நாளில் போய்விடும்.

மூன்றாவது, மண்சட்டி மாதிரியான பகுதிகள். சீட்டிலும் கார்ப்பெட்டிலும் ஆப்ப சோடாவைத் தூவி, லேசாகத் தேய்த்து, ஓர் இரவு விட்டு, காலையில் வாக்குவம் போட்டு எடுக்க வேண்டும். பிறகு சீட்டு ஷாம்பு. தண்ணீர் குறைவாக, நுரை அதிகமாக. நன்றாகக் காயவிடாவிட்டால் சுருட்டு நாற்றம் போய்ப் பூஞ்சை நாற்றம் வரும். கூரைத் துணியில் மட்டும் மிகவும் கவனம். அது பசை போட்டு ஒட்டியது. ஊற வைத்தால் பிரிந்து தொங்கும். நுரையைத் துணியில் தொட்டு ஒற்றி எடுப்பதோடு சரி. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துத் துடைக்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். நெஞ்சுக்கு நேராக, மூக்குக்கு மிக அருகில் இருக்கும் துணியும் அதுதான்.

நான்காவது, ஏசி. எத்தனை சுத்தம் செய்தாலும் ஏசி போட்டதும் நாற்றம் வருகிறது என்றால் படலம் அதற்குள் இருக்கிறது என்று அர்த்தம். இப்போதைய கார்கள் பலவற்றில் டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் ஒரு ஃபில்டர் இருக்கும். அதைக் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் குளிர்விக்கும் பகுதியை மெக்கானிக்கிடம் சொல்லிச் சுத்தம் செய்யலாம். பிறகு வெளிக்காற்று வரும்படி வைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு, பிளோயரை முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும்.

கடைசியாக வெயிலும் கரியும். நாற்றத்தைக் கிளப்பும் அதே வெயிலை நமக்குச் சாதகமாக்கலாம். ஒரு மணி நேரம் மூடி வைத்துச் சூடேற்றி, பிறகு நான்கு கதவையும் திறந்துவிட்டால் கிளம்பிய ஆவி வெளியேறும். நாலைந்து நாள் இப்படிச் செய்யலாம். இரவில் ஆக்டிவேட்டட் கார்பனைத் துணிப்பையில் கட்டி உள்ளே வைக்கலாம். மீன் தொட்டி விற்கும் கடைகளில் கிடைக்கும். கொட்டாங்குச்சியைக் கரியாக்கித்தான் இதைப் பெருமளவில் தயாரிக்கிறார்கள். ஒரு கிராம் கரியின் நுண்துளைகளை எல்லாம் விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீட்டர் வரைகூட வரும். ஆனால் படலத்தைத் துடைக்காமல் கரியை மட்டும் வைத்தால் பயன் இல்லை. ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்த கதைதான்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. பொங்கி வருவதைப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று தீர்த்துவிடும். வினிகரோடு பிளீச்சைச் சேர்ப்பது ஆபத்து. நச்சான குளோரின் வாயு வரும். ஓசோன் மெஷின் வைத்து நாற்றம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஓசோன் நுரையீரலைப் பாதிக்கும், ரப்பரையும் வெடிக்க வைக்கும். விவரம் தெரிந்தவர்கள், உள்ளே ஆள் இல்லாமல், அதன் பிறகு நன்றாகக் காற்றாட விட்டுச் செய்ய வேண்டிய வேலை அது.

இத்தனைக்குப் பிறகும், பல வருடம் புகை குடித்த கார் என்றால் பஞ்சிலும் கூரையிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். கூரைத் துணியையும் சீட்டுப் பஞ்சையும் மாற்றுவதுதான் வழி. போனதா இல்லையா என்று சோதிக்க, புகைக்காத ஒருவரை அழைத்து, வெயிலில் மூடி வைத்த காரின் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும். தீர்ப்பு அவர் முகத்தில் தெரியும்.

யார் போக்க வேண்டும்?

மேலே சொன்ன வேலைகளை மறுபடி ஒருமுறை பார்த்தால் ஒன்று புரியும். இரண்டு நாள் வண்டி ஓடாது. வாட்டர் சர்வீஸ், ஃபில்டர், ஷாம்பு என்று கையிலிருந்து பணம் போகும். இதை யார் செய்கிறார்கள்? சுருட்டுப் பிடித்த பயணி அல்ல. டிரைவர். சொந்தமாக ஒரே ஒரு வண்டி வைத்துத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் டிரைவர்.

விருத்தாசலம் மாதிரி ஊர்களில் வாடகைக் கார் என்பது கல்யாணத்துக்கும் சுற்றுலாவுக்கும் மட்டும் அல்ல. கர்ப்பிணியை, ஆஸ்துமாக்காரரை, பிறந்த குழந்தையை ஏற்றிக்கொண்டு கடலூருக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகிற வண்டியும் அதுதான். காலையில் சுருட்டுப் புகை வாங்கிய சீட்டில் மாலையில் பச்சிளம் குழந்தை படுத்திருக்கும்.

சட்டம் டிரைவரின் பக்கம்தான் இருக்கிறது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பொதுப் போக்குவரத்து உள்பட பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்தது. 2003இல் வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பொது இடம் என்பதற்குள் பொது வாகனங்களும் அடங்கும். அதற்கான விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். ஆனால் 'சார், வண்டியில பிடிக்காதீங்க' என்று சொல்ல எத்தனை டிரைவர்களுக்குத் தைரியம் வரும்? சொன்னால் அடுத்த முறை அந்தப் பார்ட்டி வேறு வண்டியைக் கூப்பிடும். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, பிழைப்பு பயணியின் கையில் இருக்கிறது.

'என் சொந்தக் கார், என் சுருட்டு, உனக்கென்ன?' என்று கேட்பவர்களும் உண்டு. 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொந்தக் காருக்குள் வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பின்சீட்டில் உட்காரும் மகனும் மகளும் அந்தக் காரைத் தேர்ந்தெடுத்து ஏறவில்லை. இங்கிலாந்தில் 2015 அக்டோபர் முதல், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இருக்கும் காரில் புகைப்பது குற்றம். அப்படி ஒரு சட்டம் வந்த பிறகுதான் தகப்பனுக்கு மனசாட்சி வர வேண்டுமா?

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. 'ராத்திரி வண்டி ஓட்டுகிறேன், புகைத்தால்தான் தூக்கம் வராது' என்று டிரைவர்களே சொல்வதுண்டு. தூக்கத்துக்கு மருந்து வண்டியை நிறுத்துவதுதான். நெடுஞ்சாலையில் டீக்கடைக்கா பஞ்சம்? இறங்கி, முகம் கழுவி, டீ குடித்து, பிடிக்கத்தான் வேண்டும் என்றால் வெளியே நின்று பிடித்துவிட்டு ஏறினால், காருக்கும் உயிருக்கும் நல்லது.

ஆகவே செய்ய வேண்டியவை பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. வாடகைக் கார்களில் 'புகைக்கக் கூடாது, மீறினால் உள்சுத்தச் செலவு உங்களுடையது' என்று தமிழில் பளிச்சென்று எழுதி ஒட்டலாம். ஒரு டிரைவர் சொன்னால் வாடகை போகும். ஸ்டாண்டில் இருக்கும் எல்லா டிரைவர்களும் சேர்ந்து சொன்னால் பயணிதான் மாற வேண்டும். டிரைவர் தடுக்கும்போது கூட வரும் பயணிகள் வேடிக்கை பார்க்காமல் அவருக்காக ஒரு வார்த்தை பேசலாம். பழைய கார் விற்கிறவர் கிலோமீட்டர் எவ்வளவு, டயர் எப்போது மாற்றியது என்று சொல்வதைப் போல, உள்ளே புகைத்ததையும் சொல்லி விலை பேசலாம். வாங்குகிறவர் பெர்ஃப்யூமை வெளியே எடுத்துவிட்டு, மதிய வெயிலில் கதவைத் திறந்து பார்க்கலாம்.

சுருட்டுப் பிடிப்பது அவரவர் விருப்பம். அதைப் பிடிக்கத் திண்ணை இருக்கிறது, ஏரிக்கரை இருக்கிறது, டீக்கடை வாசல் இருக்கிறது. மூடிய காருக்குள் பிடித்துவிட்டு, கழுவும் வேலையை டிரைவருக்கும் சுவாசிக்கும் வேலையை அடுத்தவர் குழந்தைக்கும் விட்டுப் போவதைத்தான் விருப்பம் என்று சொல்ல முடியாது. மீன் குழம்பு வைத்தவர்தான் சட்டியைக் கழுவ வேண்டும். சுருட்டுக்கும் அதே நியாயம்தான்.